விரைவலி: சூடு என்று சொல்லும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

விரையில் வலி என்று யாராவது வாய் திறந்தால் நம்மூரில் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "சூடு பிடிச்சிருக்கு." பைக்கில் வெளியூர் போய் வந்தானா, சூடு. ராத்திரி கண் விழித்துப் படித்தானா, சூடு. வைத்தியமும் எல்லார் வீட்டிலும் தயாராக இருக்கும். நல்லெண்ணெயில் பூண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, கால் பெருவிரல் நகத்தில் தடவி, இரண்டு நிமிடத்தில் கழுவ வேண்டும். கூடவே இளநீர், ஊறவைத்த வெந்தயம். இவற்றால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. கெடுவது நேரம். விரைவலிக்கான காரணங்களில் ஒன்று மட்டும் மணிக்கணக்கு பார்த்து விரையைச் சாகடிக்கும். அது இல்லை என்று உறுதியாகிவிட்டால் மற்ற பெரும்பாலான காரணங்களுக்கு நிதானமாக வைத்தியம் பார்க்கலாம். அதனால் அதற்குத்தான் இங்கே பெரிய இடம்.

அதன் பெயர் விரை முறுக்கு. மருத்துவமனையில் டார்ஷன் என்பார்கள். விரை பைக்குள் ஒரு கயிற்றில் தொங்குகிறது. ரத்தக்குழாய், நரம்பு, விந்துக்குழாய் எல்லாம் அந்தக் கயிற்றுக்குள்தான் ஓடுகின்றன. பெரும்பாலானோருக்கு விரையின் பின்பக்கம் பையின் உள்சுவரோடு ஒட்டியிருக்கும், அதனால் சுழலாது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒட்டு இருக்காது. கோயில் மணியின் நாக்கு மாதிரி விரை தனியாக ஆடிக்கொண்டிருக்கும். அது ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ சுற்றிக்கொண்டால், ஊஞ்சல் சங்கிலியைப் பிள்ளைகள் முறுக்குவார்களே, அப்படிக் கயிறு முறுகிவிடும். முதலில் நசுங்குவது மெல்லிய சுவருள்ள சிரை. ரத்தம் உள்ளே வரும், வெளியேற வழி இருக்காது. விரை வீங்கும். வீக்கம் ஏற ஏறத் தமனியும் அடைபடும். அதன்பிறகு ஓடுவதெல்லாம் கடன் நேரம்.

கணக்கு இதுதான். 6 மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால் பத்தில் ஒன்பது விரைகளைக் காப்பாற்றிவிடலாம். 12 மணி நேரம் ஆனால் பாதிக்குப் பாதி. 24 மணி நேரம் தாண்டினால் பிழைப்பது அரிது. அதிகம் மாட்டுவது 12 முதல் 18 வயதுப் பையன்கள், காரணம் பருவ வயதில் விரை வேகமாகக் கனப்பது. பிறந்த குழந்தைக்கும் வரும், 30 வயதுக்காரருக்கும் வரும், எண்ணிக்கைதான் குறைவு. பலருக்குத் தூக்கத்திலேயே ஆரம்பிக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சுருண்டு உட்கார்ந்திருக்கும் பையன் முந்தின நாள் மாலை நன்றாகத்தான் விளையாடியிருப்பான்.

சிக்கல் என்னவென்றால் அவன் "விரை வலிக்குது" என்று சொல்வதில்லை. "வயிறு வலிக்குது" என்பான், வாந்தி எடுப்பான். பாதி வெட்கம். மீதிப் பாதி உண்மையாகவே வயிறு வலிப்பதுதான். கருவில் விரை உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் கீழே இறங்குகிறது. வரும்போது நரம்பையும் மேலிருந்தே இழுத்து வருகிறது. அதனால் கீழே முறுகினால் அடிவயிற்றிலும் இடுப்பிலும் வலிக்கும். வீட்டில் ஓமவாட்டர் கொடுப்பார்கள், தெருமுனை கிளினிக்கில் கேஸுக்கு ஊசி போடுவார்கள், விடிந்துவிடும். ஆகவே ஆண்பிள்ளை அடிவயிற்று வலி, வாந்தி என்று சொன்னால் கீழேயும் பார்த்தாக வேண்டும். அம்மாவிடம் காட்டக் கூச்சப்படுவான். அப்பாவோ அண்ணனோ தாய்மாமாவோ கதவைச் சாத்திவிட்டு நேரடியாகக் கேட்கட்டும்.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: ஒரு பக்க விரை மற்றதைவிட மேலே ஏறி நிற்கிறதா? நெட்டாக இல்லாமல் குறுக்கே படுத்த மாதிரி இருக்கிறதா? ஒரு பக்கம் வீங்கி, தொட்டால் துள்ளுகிறானா? மருத்துவர் இன்னொன்றும் செய்வார். தொடையின் உள்பக்கத்தை விரலால் மெல்லக் கீறினால் அந்தப் பக்கத்து விரை சட்டென்று மேலே எழும்ப வேண்டும். முறுக்கில் பெரும்பாலும் எழும்பாது. இதை வீட்டில் செய்து பார்த்து "எழும்புது, ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். திடீரென்று ஆரம்பித்த ஒருபக்க விரைவலி, இல்லை என்று நிரூபணமாகும் வரை முறுக்குதான்.

கிளம்பும் முன் இரண்டு வேலை. வலி ஆரம்பித்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், காபியும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். இரவில் அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பக்கத்தில் இருந்தால் அதுவே போதும். வண்டி இல்லையென்றால் 108. அங்கே சீட்டு போடும் இடத்தில் "வயிற்றுவலி" என்று சொன்னால் வயிற்றுவலிக்காரர்கள் வரிசையில்தான் உட்கார வைப்பார்கள். "ஒரு பக்க விரையில் திடீர் வலி, ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பித்தது, வாந்தி" என்று சொல்லுங்கள். சீட்டில் விழும் சொல்தான் அடுத்த ஒரு மணி நேரத்தைத் தீர்மானிக்கும்.

டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் விரைக்குள் ரத்தம் ஓடுகிறதா என்று தெரியும். அறிகுறி தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமல் நேராக அறுவை அரங்குக்கு எடுத்துப் போவார்கள். அது அவசரக்குடுக்கைத்தனம் இல்லை, சரியான முடிவு. சில நேரம் மருத்துவர் கையாலேயே விரையைப் புத்தகம் திறப்பது போல வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்ப்பார். மூன்றில் ஒருவருக்கு முறுக்கு எதிர்த்திசையில் இருக்கும் என்பதால் இதை வீட்டில் யாரும் முயல வேண்டாம். கையால் பிரிந்தாலும் அறுவை சிகிச்சை வேண்டும்.

குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் ஒப்புதல் படிவம். "தேவைப்பட்டால் விரையை அகற்ற நேரிடலாம்" என்ற வரியைப் பார்த்ததும் கை நடுங்கும். "ஊர்லேர்ந்து பெரியப்பா வரட்டும்" என்பார்கள். பெரியப்பா பஸ்ஸில் வந்து சேரும் நேரத்தில்தான் அந்த வரி நிஜமாகிறது. உள்ளே நடப்பது சிக்கலான வேலை இல்லை. பையில் சின்னதாகக் கீறி, விரையை வெளியே எடுத்து, முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி வைத்துக் காத்திருப்பார்கள். கருநீலம் மாறி இளஞ்சிவப்பு திரும்பினால் பையின் சுவரோடு தைத்து நிறுத்துவார்கள். கரைந்து போகாத நூல்தான் வழக்கம். நிறம் திரும்பாவிட்டால் அகற்றுவார்கள். இரண்டில் எதுவானாலும் மறுபக்க விரையையும் அதே நேரத்தில் தைப்பார்கள், ஏனென்றால் அந்த மணிநாக்கு அமைப்பு பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். "நல்லா இருக்கிற பக்கத்தை ஏன் தொட்டாங்க?" என்று சண்டை போட வேண்டாம். ஒரு விரை போனாலும் மற்றது நன்றாக இருந்தால் மீசையும் முளைக்கும், குழந்தையும் பிறக்கும்.

வலி குறைவதை வைத்தும் ஏமாறக்கூடாது. ஏழெட்டு மணி நேரம் துடித்த பையன் மெல்ல அமைதியானால், விரை செத்து நரம்பும் ஓய்ந்த அமைதியாக அது இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் பட்டென்று நின்றுபோனால், தானாகப் பிரிந்திருக்கலாம். அப்படிப் பிரிந்தது திரும்பவும் முறுகும். மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் உயிர்போகும் வலி வந்து போகிறது என்றால் அடுத்த வலிக்குக் காத்திராமல் சிறுநீரக அறுவை மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பார்த்து முன்கூட்டியே தைத்துக்கொள்வது நல்லது.

7 முதல் 14 வயதுக்குள் இதன் சின்னத் தம்பி ஒருவர் வருவார். விரையின் உச்சியில் உளுந்து போல ஒரு சிறு தொங்கல் உண்டு. எந்த உபயோகமும் இல்லாத மிச்சம். அது முறுகினால் உச்சியில் மட்டும் வலிக்கும், வெள்ளைத் தோல் என்றால் உள்ளே நீலப்புள்ளி தெரியும், நம் தோலில் தெரிவது கஷ்டம். இதற்கு அறுவை தேவையில்லை, ஓய்வும் வலி மாத்திரையும் போதும், ஒரு வாரத்தில் அடங்கும். ஆனால் "இது தம்பிதான்" என்று சொல்ல வேண்டியது ஸ்கேன், நாம் இல்லை.

திடீரென்று வராமல் ஒன்றிரண்டு நாளில் படிப்படியாக ஏறும் வலி என்றால் கிருமித்தொற்றை நினைக்க வேண்டும். விரையின் பின்பக்கம் சுருண்டு கிடக்கும் விந்து சேமிப்புக் குழாய்க்கு எபிடிடைமிஸ் என்று பெயர். தொற்று முதலில் அங்கேதான் உட்காரும். பின்பக்கம் தொட்டால் வலி, பையின் தோல் சிவந்து சூடாக இருக்கும், காய்ச்சல், நீர்க்கடுப்பு. பையைத் தாங்கிப் பிடித்தால் கொஞ்சம் இதமாக இருக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் முறுக்கு இல்லை என்று சொல்ல அது போதாது. 35 வயதுக்குள், உடலுறவில் ஈடுபடுபவர் என்றால் பெரும்பாலும் கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைக் கிருமிகள். வயதானவர் என்றால் சிறுநீர்ப் பாதைக் கிருமி. அதன் பின்னணியில் புராஸ்டேட் சுரப்பி வீக்கமோ அண்மையில் போட்ட சிறுநீர் டியூபோ இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒன்றும், டாக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் தினம் இருவேளை 10 நாளும் கொடுப்பது வழக்கம். துணைக்கும் சிகிச்சை கொடுக்காவிட்டால் வந்த வழியே திரும்பி வரும். அதனால்தான் மருத்துவர் சங்கடமான கேள்விகளைக் கேட்கிறார். மறைத்தால் தவறான மாத்திரைதான் கிடைக்கும். மருந்து தொடங்கும் முன் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு மெடிக்கல் ஷாப்பில் நடக்கிறது. "வீக்கத்துக்கு மூணு வேளை மாத்திரை கொடுங்க" என்று கேட்டு, துண்டு அட்டையில் நறுக்கிய ஆன்டிபயாட்டிக்கை வாங்கி, இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார்கள். பத்து நாள் கழித்துச் சீழ் கட்டி வரும். சரியான மருந்து என்றால் மூன்று நாளுக்குள் வலியும் காய்ச்சலும் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்காவிட்டால் திரும்பப் போக வேண்டும். கெட்டிப்பு மட்டும் நாலு முதல் ஆறு வாரம் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆன்டிபயாட்டிக் எதற்கும் மசியாமல் மாதக்கணக்கில் கெட்டியாக இருந்து, விந்துக்குழாயைத் தடவினால் மணிமாலை மாதிரி முடிச்சு முடிச்சாகப் பட்டால், அல்லது பையின் தோலில் துளை விழுந்து நீர் கசிந்தால், காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அதை மறந்துவிடக்கூடாது. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையென்றாலும் விரையில் இருக்கும்.

பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் வீங்கிய பின் நாலு முதல் எட்டு நாளில் விரை வீங்கினால் அது அந்த வைரஸின் வேலை. பருவம் எய்தியவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வரும். ஆன்டிபயாட்டிக்குக்கு இங்கே வேலையே இல்லை. ஓய்வு, பைக்குத் தாங்கல், வலி மாத்திரை. பின்னாளில் அந்த விரை சிறுத்துப் போகலாம், ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பாதிக்கும் என்பதால் மலடாவது அபூர்வம். அரசு தடுப்பூசி அட்டவணையில் இருப்பது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான எம்ஆர் ஊசி. பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் தனியாரிடம் போட்டுக்கொள்ள வேண்டும்.

மந்தமாக, நாள் முழுக்க இழுக்கிற மாதிரி வலி என்பது வேறு வகை. காலையில் இருக்காது, கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு மாலையில் இடப்பக்கம் கனக்கும், படுத்தால் போய்விடும். கைவிட்டுப் பார்த்தால் பைக்குள் மண்புழுக்கள் சுருண்ட மாதிரி இருக்கும். இது வெரிகோசில், சிரைகளின் புடைப்பு. ஏன் இடப்பக்கம்? வலப்பக்கச் சிரை பெருஞ்சிரையில் சாய்வாகச் சேர்கிறது. இடப்பக்கச் சிரை மேலே வெகுதூரம் ஏறி இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாக முட்டுகிறது. அழுத்தம் திரும்பிக் கீழே வரும். நூறு ஆண்களில் பதினைந்து பேருக்கு இருக்கும், பெரும்பாலோருக்குத் தொந்தரவே இருக்காது. இறுக்கமான ஜட்டி பலருக்குப் போதும். வலி தொடர்ந்தாலோ, குழந்தையின்மையோடு விந்துப் பரிசோதனையும் சரியில்லாமல் இருந்தாலோ அறுவை. ஆனால் நடு வயதில் புதிதாக வலப்பக்கம் மட்டும் புடைப்பு வந்தாலோ, படுத்தாலும் வடியாவிட்டாலோ, வயிற்று ஸ்கேன் எடுத்துச் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கட்டி இருந்து சிரையை அடைத்திருக்கலாம்.

ஓதம், அதாவது ஹைட்ரோசில், வலியைவிடக் கனம்தான் தரும். இருட்டறையில் பையின் பின்னால் டார்ச் அடித்தால் நீர் என்றால் சிவப்பாக ஒளி ஊடுருவும். சதையோ குடலோ என்றால் ஊடுருவாது. கும்பகோணம் போல யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊர்ப்பக்கம் இருந்தவர்களுக்கு ஓதத்தோடு அடிக்கடி காய்ச்சல், நெறி கட்டுதல், கயிறு தடித்து வலித்தல் எல்லாம் வரும். யானைக்கால் நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் உலாவும். பழைய முறை ரத்தப் பரிசோதனைக்கு இரவு பத்து மணிக்கு மேல் ஊசி குத்த வருவது அதனால்தான். நீரை ஊசியால் உறிஞ்சி எடுத்தால் மறுபடி நிரம்பும், கிருமியும் சேரும். நிரந்தர வழி அறுவைதான். கழற்சிக்காய்ப் பருப்பை அரைத்து விளக்கெண்ணெயில் குழைத்துப் பற்றுப் போடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நாள்பட்ட ஓதத்தில் அதனால் அவசர ஆபத்து ஒன்றும் இல்லை, நீரும் வற்றாது. திடீர் வலியில் பற்றுக் காயும் வரை உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து.

கீழே இறங்கிய குடல் திரும்ப மேலே ஏறாமல் கெட்டியாகி, வாந்தியும் வந்தால் அது மாட்டிக்கொண்ட குடலிறக்கம். முறுக்குக்குச் சொன்ன அதே அவசரம். சர்க்கரை நோயாளிக்குப் பையின் தோலில் தொடங்கும் வலி பார்வைக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்து, தோல் கறுத்து, நாற்றமும் வந்தால் சதை அழுகிப் பரவுகிறது என்று பொருள். அதுவும் அன்றைக்கே அறுவைதான். ஒரு நாள் தள்ளினால் உயிருக்கே ஆபத்து.

விரையைத் தொட்டால் வலியே இல்லை, ஆனால் விலாவிலிருந்து அலையலையாக இறங்கி விரையில் வந்து குத்துகிறது, ஆள் ஓரிடத்தில் உட்கார முடியாமல் நெளிகிறார் என்றால் சிறுநீர்க் குழாயில் கல். வெயில் காலத்தில் நம்மூரில் இது ரொம்ப சகஜம். 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். வாழைத்தண்டுச் சாறு குடிப்பவர்கள் குடிக்கட்டும். வேலை செய்வது தண்ணீர்தான். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகுமளவுக்குக் குடிக்க வேண்டும், வலி உச்சத்தில் இருக்கும்போது அல்ல, அடங்கிய பிறகு.

கிரிக்கெட் பந்து, பைக் டேங்க்: அடிபட்ட வலி ஒரு மணி நேரத்துக்குள் தணிய வேண்டும். தணியாமல் வீங்கினால், நீலம் பாரித்தால், விரையின் உறை கிழிந்திருக்கலாம். ஸ்கேன் வேண்டும், கிழிசலைச் சீக்கிரம் தைத்தால் விரை தங்கும். அடிபட்டபோது முறுகுவதும் உண்டு.

வீட்டு நிவாரணம் என்பது மருத்துவர் பார்த்து முறுக்கு இல்லை என்று சொன்ன பிறகுதான். மல்லாந்து படுத்து, சின்னத் துண்டு ஒன்றை உருளையாகச் சுருட்டி, தொடைகளுக்கு நடுவே வைத்து அதன்மேல் பையை ஏற்றி வையுங்கள். பை தொடை மட்டத்துக்கு மேலே இருந்தால் நீர் வடியும், கயிறு இழுபடாது. ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது, தோல் புண்ணாகும்; கைக்குட்டையில் பொதிந்து 10 முதல் 15 நிமிடம், பிறகு எடுத்துவிட வேண்டும், மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை போதும். புது வீக்கத்துக்கு ஒத்தடம் வேண்டாம், சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடி இன்னும் வீங்கும். எழுந்து நடக்கும்போது தாங்கல் தேவை. தளர்ந்த பாக்ஸரும் லுங்கியும் உதவாது. இறுக்கமான ஜட்டியோ விளையாட்டு சப்போர்ட்டரோ போடுங்கள். தாத்தாக்கள் கோவணம் கட்டிக்கொண்டு ஏற்றம் இறைத்ததன் சூட்சுமமும் இதுதான்.

வலி மாத்திரை: பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம் ஆறு மணிக்கு ஒருமுறை, நாளுக்கு நாலுக்கு மேல் வேண்டாம். வீக்கத்துக்கு இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்தம் உறையாமைக்கான மாத்திரை இருந்தால் இபுப்ரோஃபென் கூடாது. ஊரில் டெங்கு ஓடும் காலத்தில் காய்ச்சலோடு வலி என்றால் பாராசிட்டமால் மட்டும்.

மூன்று மாதம் தாண்டியும் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் வலி நீடிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. இவர்களைத்தான் பஸ் ஸ்டாண்டு சுவரொட்டிகள் குறிவைக்கின்றன. மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து, "சுய இன்பத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது" என்று பயமுறுத்திப் பொட்டலத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள். சுய இன்பத்தால் விரை கெடாது. நெடுநேரக் கிளர்ச்சிக்குப் பின் வரும் கனமான வலி சில மணி நேரத்தில் தானே போகும். நாள்பட்ட வலிக்கு உண்மையான காரணங்களைத் தேடினால் முதுகுத்தண்டில் அழுந்தும் நரம்பு, இடுப்புத்தளத் தசையின் இறுக்கம், கருத்தடை அறுவைக்குப் பின் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் வலி என்று கிடைக்கும். கயிற்றில் மரத்துப்போகும் ஊசி போட்டு வலி நிற்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. நின்றால் பிரச்சினை அந்த நரம்பில்தான் என்று தெரியும், அதற்கேற்ற சிகிச்சை இருக்கிறது.

கடைசியாக, வலிக்காத ஒன்று. விரைப் புற்று பெரும்பாலும் வலியில்லாத கல் மாதிரிக் கட்டியாக 15 முதல் 40 வயதுக்குள் வரும். சின்ன வயதில் விரை இறங்காமல் இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். மாதம் ஒருமுறை வெந்நீரில் குளித்து பை தளர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு விரையையும் கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் நடுவே உருட்டிப் பாருங்கள். பின்பக்கம் மெத்தென்று கயிறு போலத் தட்டுப்படுவது எபிடிடைமிஸ், அதைக் கட்டி என்று நினைத்துப் பதற வேண்டாம். விரையிலேயே கெட்டியாக ஒன்று பட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வாரமே ஸ்கேன். தொற்று என்று மருந்து சாப்பிட்டு ஆறு வாரமாகியும் கெட்டிப்பு கரையாவிட்டாலும் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தொற்றின் மறைவில் கட்டி உட்கார்ந்திருப்பது உண்டு.